வம்பில்லாத கடிதம்

பிப்ரவரி 3

குட்டியோட அப்பாவுக்கு,

இவ்வளவு நேரங்கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்கணும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் தூக்கக் கலக்கம்தான் காரணம், கோபம் இல்லை. குட்டி இப்போதுதான் தூங்கினாள். மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன், முழித்துக்கொண்டாள். மறுபடி தோளில் போட்டு, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து, அவள் கண் மூடுவதற்குள் எனக்குக் கால் கழன்றுவிட்டது.

இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நாம் பேசுவது ஒரு பேச்சா? நீங்கள் வேலை பார்க்கிற கீழ்த்தளத்தில் சிக்னல் கிடைக்காது. கிடைக்கிற நேரத்தில் நான் மீட்டிங்கில் இருப்பேன். இரண்டும் கூடி வந்தால், "அப்புறம்?" "அப்புறம் நீங்கதான் சொல்லணும்" என்று இழுத்து, கடைசியில் யாராவது ஒருவர் முறுக்கிக்கொண்டு வைப்போம். போனில் குட்டியின் சத்தம், கடிதத்தில் மற்றதெல்லாம் என்று நாம் வைத்துக்கொண்டதுதான் சரி.

அவள் இப்போது கையை விட்டு நிற்கிறாள். நின்றுவிட்டு, தான் நிற்பது ஞாபகம் வந்ததும் பயந்து உட்கார்ந்துவிடுகிறாள். என் பெண் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பகலில் நான் ஆறாவது மாடியில் ஆடிட் பிரிவில், அவள் தரைத்தளத்தில் ஊழியர் குழந்தைகள் காப்பகத்தில். எதற்காகக் கீழே இறங்கினாலும் அந்தக் கண்ணாடிக் கதவு வழியாக ஒரு பார்வை பார்க்காமல் என்னால் வர முடியவில்லை. ஆயாம்மா போன வாரம் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். "நீங்க ஆடிட்டுன்னு தெரியும்மா. அதுக்காக எங்களை இத்தனை தடவையா செக் பண்ணுவீங்க?" என்றார்.

இனி ஆபீஸ் வம்பு. சாம்பிள் அண்ணனும் நானும் நம் கம்பெனியின் ஒரு கிளை மருத்துவமனைக்குப் போயிருந்தோம். (என் பக்கத்து சீட்டுக்காரர். எதைக் கேட்டாலும் "ஒரு சாம்பிள் எடுத்துப் பாத்துடலாம்" என்பாரே, அவர்தான்.) சக்கர நாற்காலிகளைச் சரிபார்க்கிற வேலை. பதிவேட்டில் இருந்ததில் பாதி கண்ணில் படவில்லை. ஒன்று வாசல் காவலாளிக்கு அடியில் இருந்தது. "இது நோயாளிக்குன்னு வாங்கினதாச்சே" என்றார் அண்ணன். "எனக்கும் மூட்டு வலிதான் சார்" என்றார் அவர். இன்னொன்றில் கேன்டீன்காரர் தண்ணீர் கேனை ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தார். எழுதிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பை அடக்கப் போய் இருமல் வந்துவிட்டது. அந்த மனுஷன் பதறிப்போய், "உடம்பு சரியில்லையாம்மா, உக்காருங்க" என்று கேனை இறக்கிவிட்டு நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

எத்தனையோ கிளைகளுக்குப் போய்வருகிறேன். உங்கள் கிளைக்கு மட்டும் என்னை அனுப்ப மாட்டார்கள். சொந்தக்காரர் வேலை பார்க்கிற இடத்தை நாங்கள் ஆடிட் பண்ணக் கூடாது. அதற்கென்று ஒரு படிவம். வருஷா வருஷம் அதில் உங்கள் பெயரையும் கிளையையும் என் கையாலேயே எழுதிக் கொடுக்கிறேன். கம்பெனியின் கதவெல்லாம் எனக்குத் திறந்திருக்கிறது, நான் தட்ட ஆசைப்படுகிற ஒன்றைத் தவிர.

அதனால் நீங்கள்தான் இங்கே வர வேண்டும். டிரான்ஸ்பர் என்ன ஆயிற்று? தலைமை மருத்துவமனைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லி எவ்வளவு நாளாயிற்று. எதிர்வீட்டு அக்கா, "உங்க வீட்டுக்காரர் எங்கே, என்ன வேலை?" என்று கேட்டார். "தூரத்து ஊர்ல கத்திரிக்கோல் அவிக்கிறார்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

நான்தான்

பி.கு: போன கடிதத்தைக் கம்பெனியின் உள்தபால் பையில் போட்டு அனுப்பியிருந்தீர்கள். அந்தப் பையையும் நாங்கள்தான் ஆடிட் பண்ணுகிறோம். வெளியே போய் ஸ்டாம்ப் வாங்கி ஒட்டுங்கள்.


பிப்ரவரி 12

ஆடிட்டரம்மாவுக்கு,

கத்திரிக்கோல் அவிக்கிறவன் எழுதறது. ஆபரேஷன் கருவிகளைக் கிருமி நீக்கித் தர்ற பிரிவுன்னு எதிர்வீட்ல கௌரவமா சொன்னா உனக்கு என்ன குறைஞ்சிடும்? அவங்க இப்ப என்னை என்ன சமையல்காரன்னு நெனச்சிட்டிருக்காங்களோ.

ஸ்டாம்ப் ஒட்டியிருக்கேன். பாத்துக்க.

உன் கடிதத்தை மெஷினுக்குப் பக்கத்துல உக்காந்து படிச்சேன். மெஷின் ஒரு தடவை ஓடி முடியறதுக்கும் உன் கடிதம் ஒண்ணு படிச்சு முடியறதுக்கும் சரியா இருக்கு. காவலாளி மூட்டுவலி கிட்ட வந்தப்ப நான் சிரிச்ச சிரிப்புக்கு யாராவது இருந்திருந்தா ஓடி வந்திருப்பாங்க. யாரும் இல்ல. என்கூட ராத்திரி ஷிஃப்ட் பாத்தவர் வேலையை விட்டுட்டுப் போயிட்டார். இன்னொரு ஆள் வேணும்னு எழுதிக் கேட்டிருக்கேன். வரும்போது வரட்டும். அதுவரைக்கும் நீ நிறைய வம்பு எழுது. உன் ஆபீஸ்ல யார் யாரோட பேசறதில்லைன்னு உன்னைவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும் இப்ப.

டிரான்ஸ்பர் விஷயம். நிர்வாகி கூப்பிட்டுப் பேசினார். ஏப்ரல்ல ஆர்டர் வந்துடுமாம். "அதுக்குள்ள உங்க பிரிவு மேல ஒரு குறை வராம இருந்தா சரி"ன்னார். என்ன குறை வரப்போகுது?

குட்டி கையை விட்டு நிக்கிறாளா? நான் வர்றதுக்குள்ள நடந்துடாம பாத்துக்க. எழுந்தா பிடிச்சு உக்கார வை. நீ அதெல்லாம் செய்யக்கூடியவதான்.

பொட்டியைக் கீழ இறக்கி வெச்சிருக்கேன். இன்னும் ஒண்ணும் அடுக்கலை. கீழ இருந்தா ஒரு தெம்பு.

நான்


பிப்ரவரி 25

அன்புள்ள உங்களுக்கு,

நலம். குட்டிக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. மேல் பல் ஒன்று எட்டிப் பார்க்கிறது. சமையலறைக் குழாயை வீட்டுக்காரர் ஆள் அனுப்பிச் சரி பண்ணிக் கொடுத்துவிட்டார். இங்கே வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
நான்


மார்ச் 4

உனக்கு,

கடிதம் வந்தது. "வேறு விசேஷம் இல்லை"ன்னு முடிச்சிருக்க. கல்யாணமான நாள்லேர்ந்து உன் வாயிலேர்ந்து இந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

சாம்பிள் அண்ணன் உயிரோட இருக்காரா? ஆறாவது மாடி இடத்துலயே இருக்கா?

முதல்ல எனக்குக் கோபம்தான் வந்தது. நடந்துடாம உக்கார வைன்னு எழுதினது உனக்கு உறுத்திடுச்சா, கூட இல்லாதவனுக்கு என்ன விளையாட்டுன்னு தோணிடுச்சா. ரெண்டு நாள் இதே யோசனை. போன்ல கேக்கலாம்னா, நீ குட்டியை மட்டும் கத்த விட்டுட்டு வெச்சிட்ட. என்னை வெட்டி விடற மாதிரி இருந்தது.

நேத்து மெஷின் ஓடிக்கிட்டிருக்கும்போது மறுபடி எடுத்துப் படிச்சேன். குழாயைப் பத்தி எழுதியிருக்க, வெயிலைப் பத்தி எழுதியிருக்க, ஆபீஸைப் பத்தி ஒரு வரி இல்ல. அப்ப ஏதோ புரிஞ்ச மாதிரி இருந்தது. என்ன புரிஞ்சதுன்னு எழுத மாட்டேன். நீயும் எழுதாதே. பல் முழுசா வந்துச்சான்னு மட்டும் எழுது.

கோபம் போயிடுச்சு.

நான்


மார்ச் 29

குட்டியோட அப்பாவுக்கு,

நேற்று ரிப்போர்ட்டில் கையெழுத்தாகிவிட்டது. இனி நான் பேசலாம். எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரி கடைசியில் எங்கள் மேடம் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "உங்க வீட்டுக்காரர் கிளைக்கு நம்ம டீம் சொல்லாம கொள்ளாம போகப்போகுது. ஒரே அறையில உக்காந்திருக்கீங்க, எப்படியும் உங்க காதுக்கு வந்துடும். நானே சொல்லிடறேன். ரிப்போர்ட் முடியற வரைக்கும் ஆபீஸ் விஷயம் ஒரு வார்த்தை அவர்கிட்ட போகக் கூடாது" என்றார். சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. எந்த வம்பை எழுதினாலும் அடுத்த வரியில் உளறிவிடுவேனோ என்று பயம். எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் பல்லையும் குழாயையும் வைத்து ஒப்பேற்றிவிட்டேன். நல்லவேளை, வாயைக் கட்டினோம் என்று நினைத்தேன். உங்கள் பதில் வந்ததும்தான் உறைத்தது. ஓயாமல் பேசுகிறவள் வாயை மூடினால் அதைவிடப் பெரிய தம்பட்டம் உண்டா? நீங்கள் யூகித்துவிட்டீர்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு ஓரத்தில் நிம்மதியும் வந்தது. சரி, தெரிந்துவிட்டது, ஏதாவது குறை இருந்தால் ஒழுங்கு பண்ணி வைத்துவிடுவார் என்று.

டீம் கிளம்பிப் போனது. சாம்பிள் அண்ணன் உங்கள் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிற நாட்களில் நான் இங்கே அவருடைய காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கக் கூடாது, அவரும் சொல்லக் கூடாது. லிஃப்டில் இரண்டு பேரும் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தோம். கதவு திறக்கும்போது அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "கண்ணாடி போட்டுட்டார் போலம்மா. நல்லாத்தான் இருக்கு." என் புருஷன் கண்ணாடி போட்டது எனக்கு ஒரு ஆடிட்டர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. அன்றைக்கெல்லாம் உங்கள் முகத்துக்கு விதவிதமாகக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபிரேம் கறுப்பா?

நேற்று ரிப்போர்ட்டைப் பார்த்தேன். "இரவுப் பணியில் கருவிகளை இரண்டாவது நபர் சரிபார்த்ததற்கான கையொப்பம் இல்லை. அபாய அளவு: அதிகம்." இன்று காலையில் உங்கள் நிர்வாகி, இந்தக் குறை தீர்ந்து மறு ஆய்வு முடிகிறவரை பிரிவை விட்டு யாரையும் மாற்றுவதற்கில்லை என்று எழுதிவிட்டார். அந்த யாரும் நீங்கள் ஒருத்தர்தான்.

ஏன் இப்படிப் பண்ணினீர்கள்? உங்களுக்குத்தான் தெரிந்துவிட்டதே. கிளை கிளையாகப் போய்ப் பார்த்தவள் சொல்கிறேன், ஆடிட் வருகிறது என்று காற்றுவாக்கில் தெரிந்தாலே நின்றுபோன சுவர்க் கடிகாரத்துக்குக்கூட பேட்டரி போட்டுவிடுவார்கள். உங்களுக்கு ஒரு கையெழுத்து வாங்கி வைக்கத் தோன்றவில்லையா? நம் மேல் உங்களுக்கு அவ்வளவுதான் அக்கறையா?

நான் இந்த வேலையை விட்டுவிட்டு அங்கே வந்துவிடட்டுமா? நிஜமாகக் கேட்கிறேன்.

குட்டி நடந்துவிட்டாள். பிடித்து உட்கார வைத்துத்தான் பார்த்தேன். நிற்கவில்லை.

நான்தான்


ஏப்ரல் 6

ஆடிட்டரம்மாவுக்கு,

கறுப்புதான். வேலை செய்யும்போது மட்டும் போடறது. உங்கிட்ட சொல்லாததுக்குக் காரணம் ஒண்ணும் இல்ல, வயசாயிடுச்சுன்னு நீ சிரிப்பியேன்னுதான்.

நீ கேட்டதுக்கு வர்றேன். தெரியும். உன் கடிதத்தைப் படிச்சதுமே இங்க யாரோ வரப்போறாங்கன்னு தெரிஞ்சிடுச்சு. ரெண்டாவது ஆள் கையெழுத்துக் கட்டம் காலியா இருக்கறதும் தெரியும். பகல் ஷிஃப்ட்டுக்காரர்கிட்ட பேச்சுவாக்குல சொன்னேன். "இவ்வளவுதானா அண்ணே? குடுங்க, உக்காந்து எல்லாத்துலயும் போட்டுத் தர்றேன். ஒரு டீ வாங்கிக் குடுங்க போதும்"னார். டீ வாங்கிக் குடுத்தேன். டீ மட்டும்தான்.

மெஷின் நின்னதும் கருவியெல்லாம் ஒரு தரம் பாப்பேன். அப்புறம் வெளிய போய் டீ குடிச்சிட்டு, கையைக் கழுவிட்டு, வேற ஆள் மாதிரி உள்ள வந்து மறுபடி முதல்லேர்ந்து பாப்பேன். "என்னப்பா, எல்லாம் சரியா இருக்கா?"ன்னு வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டே வருவேன். பதிலும் நானே சொல்லிக்குவேன். இதுல ஒரு நாள் தவறினதில்லை. ஆனா செஞ்சவனே சரிபாத்தேன்னு கையெழுத்துப் போட முடியாதே. அதான் காலியா விட்டேன். சாம்பிள் அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். அவர் சிரிக்கலை. பேனாவை மூடிட்டு, "ஆள் கேட்டு எழுதின கடுதாசி இருக்கா?"ன்னார். காட்டினேன். அதையும் ரிப்போர்ட்ல போட்டிருக்காரே, நீ கவனிச்சியா?

அந்த ராத்திரிகள்ல என்கூட யாரும் இல்ல. இருந்தாங்கன்னு எழுதக் கை வரலை.

இன்னொண்ணும் இருக்கு. நான் அதை நிரப்பியிருந்தா, உன் கடிதத்தைப் படிச்சு நிரப்பினதாத்தான் ஆகும். நீ அவ்வளவு கஷ்டப்பட்டு வாயைக் கட்டிக்கிட்டிருக்க, நான் உன்னை வாயைத் திறந்தவளா ஆக்கிடுவேன். யாருக்கும் தெரியாதுங்கறது வேற. நீ எனக்கு நிம்மதியா ஒரு கடிதம் எழுத முடியுமா அதுக்கப்புறம்? எனக்கு அந்தக் கடிதம் வேணும்.

அக்கறை இல்லைன்னு எழுதிட்ட. பொட்டி இன்னும் கீழதான் இருக்கு. பெருக்க வர்றவங்க அதைச் சுத்திப் பெருக்கிட்டுப் போறாங்க.

வேலையை விட்டுட்டு வரட்டுமான்னு கேட்டிருக்க. அந்த வேலை உனக்கு என்னன்னு எனக்குத் தெரியும். அதைப் பத்தி எழுதும்போது உன் எழுத்தே ஓடும். நான் என்ன சொல்ல? உன் இஷ்டம்.

நடந்தாளா? எத்தனை அடி வெச்சா? யாரைப் பாத்து வந்தா?

நான்


ஏப்ரல் 13

குட்டியோட அப்பாவுக்கு,

என்னைப் பார்த்துத்தான் வந்தாள். நடுவில் எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டார், திரும்பவில்லை. வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வந்துவிட்டதை யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தாள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மறுநாள் முதல் வேலையாக மேடத்தின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் வாயைத் திறக்கவில்லை, ஆனால் என் கடிதத்தை வைத்து நீங்கள் யூகித்துவிட்டீர்கள், யூகித்தும் ஒன்றும் மாற்றவில்லை, இரண்டும் அவருக்குத் தெரிய வேண்டும் என்றேன். வேலையை விட்டு எடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அவர் என் கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்டார். பல், குழாய், வெயில் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தோள் குலுங்கும்போதுதான் தெரிந்தது.

"வாய் ஓயாத பொண்ணு நீங்க. உங்களை வாயை மூடுன்னு சொன்னது என் தப்பு. இன்னொரு தடவை இப்படி வந்தா நாலு பக்கம் வம்பு எழுதிப் போடுங்க, ஒருத்தனுக்கும் சந்தேகம் வராது" என்றார். அப்புறம் முகம் மாறியது. நடந்ததைக் குறிப்பாக எழுதி ஃபைலில் வைக்கச் சொன்னார். வைத்துவிட்டேன். அதனால் தண்டனை ஒன்றும் இல்லை.

நான் எழுந்திருக்கும்போது, "உக்காருங்க" என்றார். மறு ஆய்வு அக்டோபரில்தான். அதற்கு முன்னால் முடித்துத் தர வழியில்லை, உங்களுக்காக அவசரப்படுத்தினால் இவ்வளவு நாள் நான் கையெழுத்துப் போட்ட படிவத்துக்கு அர்த்தமில்லை என்றார். அது எனக்கும் புரிந்தது. பிறகு இதைச் சொன்னார்: உங்கள் கிளையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. ஆடிட் இல்லை, அதனால் உங்கள் பெயர் குறுக்கே வராது. நான் விண்ணப்பித்தால் அவர் பரிந்துரைப்பார். ஆனால் மறுபடி ஆடிட்டுக்குத் திரும்பி வர முடியுமா என்பதற்கு அவர் வாக்குத் தர மாட்டார்.

அன்று மதியம் ஒரு மருந்துக் கிடங்கைப் பார்க்க அனுப்பினார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்ததும் வருகிற குளிர், "ஏன் இது இங்கே இருக்கு?" என்று கேட்டதும் எதிரில் இருப்பவர் தலையைச் சொறிவது, பதில் கிடைத்ததும் எனக்குள் ஏதோ ஒன்று பொருந்தி உட்காருவது. இதெல்லாம் எனக்கு வேண்டியிருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் காப்பகத்துக்குப் போய் குட்டியைத் தூக்கினேன். வேறு யாரோ ஒருவர், ஒரு அப்பா, தன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஷூவைத் தேடிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். ஷூவைத் தேடிக்கொண்டிருந்தார். என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. ஆயாம்மா, "பாப்பாதான் கிடைச்சாச்சே, இன்னும் என்னம்மா செக் பண்றீங்க?" என்றார்.

"உன் இஷ்டம்" என்று எழுதியிருக்கிறீர்கள். சுவருக்கு என்ன கலர் என்றாலும் உன் இஷ்டம், பிள்ளைக்கு என்ன பெயர் என்றாலும் உன் இஷ்டம். அதை எனக்குத் தருகிற மரியாதை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். மரியாதைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் படிக்கும்போது, இருட்டில் தனியாகப் போய்வா, நான் இங்கேயே நிற்கிறேன் என்று சொன்ன மாதிரி இருக்கிறது. நீங்கள் கூப்பிட்டு நான் வேலையை விட்டால், பின்னால் ஒருநாள் உங்களால்தானே என்று சொல்லிவிடுவேன் என்று பயப்படுகிறீர்கள். சொல்லுவேன்தான். கோபம் வந்தால் எதைத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறேன்? சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய் முறைத்துக்கொண்டு இருப்பேன். பக்கத்து அறை இருக்கும், அதுதான் விஷயம். இப்போது முறைப்பதற்குக்கூட எனக்கு ஸ்டாம்ப் வாங்க வேண்டியிருக்கிறது.

ரிப்போர்ட் வந்ததால் அங்கே வந்தேன், படிவம் தடுத்ததால் வந்தேன், குட்டிக்கு அப்பா வேண்டும் என்று வந்தேன் என்றெல்லாம் எனக்கு வேண்டாம். அக்டோபர்வரை பொறுத்துக்கொள் என்று சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன், அதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்களுக்கு நான் அங்கே வேண்டுமா? வேண்டும் என்றால் "வா" என்று எழுதுங்கள். அதற்கப்புறம் வருவதா வேண்டாமா என்று நான் பார்த்துக்கொள்கிறேன், அது என் இஷ்டம்.

இருபத்தைந்தாம் தேதிக்குள் மேடத்துக்குச் சொல்ல வேண்டும். தபால் போய்வர நாளாகும் என்று உங்களுக்கே தெரியும். கடிதம் கிடைத்த அன்றே உட்கார்ந்து, சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

நான்தான்